எலும்பக்காவின் பன்னிரண்டு நாள்

"இன்னும் ஊசியக் கடிக்குது" என்று முணுமுணுத்தபடி எலும்பிலிருந்து ஊசியை உருவிவிட்டு, புட்டியை மூடுகிறார் எலும்பக்கா. எலும்பிலுள்ள சுண்ணாம்பு முழுக்கக் கரைந்து ரப்பர் மாதிரி வளைந்தால்தான் அது கத்திக்கு இணங்கும். அதற்காக மென்கரைசலில் ஊறப்போட்டு, தினமும் கரைசலை மாற்றி, பன்னிரண்டு நாள் காத்திருப்பார். ஊசித் தடம் சீவும் இடத்தில் விழுந்துவிடக் கூடாதென்று ஓரமாகத்தான் குத்துவார்.

கால்நடை நோயறி கூடத்தில் பத்தொன்பது வருஷமாக, நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகத் திசுவை மெல்லிசாகச் சீவுகிறார்; அங்கே எல்லோருக்கும் அவர் எலும்பக்காதான். மெழுகில் புதைத்த எலும்பைச் சீவும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். எதிரில் நிற்பவரும் அடக்க வேண்டும். நான் ஒருமுறை தும்மியதில் சீவல் பறந்தே போனது. "ஏன் சார், பத்திரிகைக்காரங்க மூக்குக்குப் பூட்டே கிடையாதா?" என்றார். வீட்டில் கணவர் கடித்துப் போட்ட கோழி எலும்பைக்கூட எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாராம். "சாப்பிட்டு முடிக்கவாவது விடும்மா" என்று அந்த மனிதர் கும்பிடுவாராம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு கோழிப்பண்ணைக்காரம்மா செத்த கோழி ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு காலும் பூட்ஸ் மாட்டியது போலத் தடித்திருந்தன. பண்ணையில் பாதிக் கோழிகள் இப்படி நொண்டுகின்றனவாம். குஞ்சு கொடுத்த பொரிப்பகமோ, "தீவனத்துல சுண்ணாம்ப அள்ளிக் கொட்டினா இப்படித்தான் ஆகும்" என்று அந்தம்மா தலையிலேயே பழியைப் போட்டுவிட்டது. அதே பொரிப்பகத்தின் குஞ்சுகள் அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன.

கூடத்து அதிகாரிக்கு அவசரம். ஒரு காலைக் கடும் அமிலத்தில் போட்டு, இரண்டே நாளில் சீவச் சொன்னார். அமிலம் எலும்போடு சேர்த்து உயிரணுக்களையும் பாழாக்கிவிடும். அப்புறம் அவற்றில் ஊதாச் சாயம் ஏறாது. கண்ணாடித் தகட்டில் எங்கு பார்த்தாலும் வெறும் வெளிறிய சிவப்பு. 'உயிரணுக்களில் மாற்றம் இல்லை. தீவனக் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் அந்த மகானுபாவர்.

"செல்லையெல்லாம் நாமளே அவிச்சு எடுத்துட்டு, மாற்றம் இல்லேன்னா எப்படி சார்?" என்று கேட்டிருக்கிறார் அக்கா.

"சீவுறது உன் வேலை. பார்க்கிறது என் வேலை."

அவர் இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அக்கா சீவாவிட்டால் எதைப் பார்த்துக் கிழிப்பாராம்?

கோழியின் இன்னொரு காலை அக்கா தன் மென்கரைசலில் போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எனக்குக் காட்டினார். "இந்த ஊதாப் புள்ளியெல்லாம் எலும்பு கட்டுற செல்லு. ஒத்த வரிசையா நிக்கணும். இங்க பாருங்க, பஸ்ஸுக்கு முண்டுற கூட்டமாட்டம் நிக்குது. வைரஸ் உள்ள பூந்து விரட்டுது. அதுங்க பாட்டுக்கு வெளியவும் கட்டுது, உள்ளயும் கட்டுது. மஜ்ஜைக்கு இடமே இல்ல. அப்புறம் ரத்தம் எங்கேர்ந்து ஊறும்?"

அந்த வைரஸ் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரக்கூடியது. தீவன மூட்டையிலிருந்து வராது.

இன்று காலை அறிக்கை வாங்க அந்தம்மா வந்தார். அதிகாரி பழைய தாளையே நீட்டினார். "நான் அளந்துதாங்க போட்டேன். என் கையாலயே கொன்னுட்டேன்னு எழுதியிருக்கீங்களே" என்று தாளை அவர் பக்கமே திருப்பிக் காட்டினார் அந்தம்மா.

"சார், புதுசா சீவினத ஒரு தடவை பாருங்க" என்றார் அக்கா.

"முடிஞ்சுபோன கேஸு. அதத் தூக்கிக் குப்பையில போடு."

அக்கா போடவில்லை. தகட்டைச் சின்னப் பெட்டியில் வைத்து அந்தம்மா கையில் கொடுத்தார். "தலைமை ஆய்வகத்துல குடுங்கம்மா. பொரிப்பகத்துத் தாய்க்கோழி ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்க. என்கிட்ட இதே மாதிரி இன்னொரு தகடு இருக்கு."

அதிகாரி எழுந்தேவிட்டார். "இதுக்கெல்லாம் யாரு பொறுப்பு?"

அக்கா பெட்டியைத் திரும்ப வாங்கித் தகட்டை வெளியே எடுத்தார். கண்ணாடி கீறும் வைர முனைப் பேனாவால், பத்தொன்பது வருஷத்தில் எந்த அறிக்கையிலும் இடம்பெறாத தன் முழுப் பெயரையும் கேஸ் எண்ணுக்குக் கீழே நிதானமாகக் கீறினார்.