ஆறாம் வீட்டுக்காரர்

போன வருடம் நோன்புக்கு முந்தின மாதம், சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் நடந்தது. லுஹர் தொழுதுவிட்டு வெளியே வருகிறேன், மண்டை பிளக்கிற வெயில். தேத்தண்ணிக் கடை வாசலில் கொழும்புப் பிள்ளை ஒருத்தி கையில் டெப் கணினியுடன் நின்றாள். கரையோரத்தில் எத்தனை பேர் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்து, பாராளுமன்றத்தில் சட்டம் போடுகிறவர்களுக்கு அறிக்கை எழுதுவது அவள் வேலையாம். மீன்பிடிக்கிறவர்களுக்குப் பென்சன் திட்டம் வேண்டுமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்களாம். ஒரு ஒழுங்கையின், ஒரு சின்னத் தெருவின், கணக்குப் பிழையானாலும் ஊர்க் கணக்கு முழுவதையும் தள்ளிவிடுவார்கள் என்றாள்.

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு அயலவர் பதில் சொல்லலாம் என்பது அவர்கள் முறை. கடைக்காரர் என்னைக் காட்டினார்.

"இவர்ட தலைக்குள்ள ஒரு கவர்மென்ட் கச்சேரியே இரிக்கி மகள். இவரக் கேளுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடப் பக்கம் போகாதவன் நான். ஆனால் யாருடைய தோணிக்கு என்ன நிறம், எந்த வருடம் கீரி மீன் அள்ளுகொள்ளையாகப் பட்டது, எல்லாம் தெரியும். அந்தக் கீரி மீன் கதை வேறு, அது கிடக்கட்டும்.

கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பள்ளிவாசல் முனையிலிருந்து ஒழுங்கையைச் சொன்னேன். முதல் வீட்டில் தோணிக்காரரும் இரண்டு ஆண்மக்களும். இரண்டில் கிழிந்த வலை பொத்துகிறவர். மூன்றில் கருவாட்டு வியாபாரி. நாலில் பாய் பின்னுகிற என் ராத்தா, உடன்பிறந்த அக்கா. ஐந்து, ஆறு. சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாசல் படலையும் திறக்கிற சத்தம் கேட்டது. கருவாட்டு வியாபாரியின் இருமல்கூடக் கேட்டது.

சொன்ன வீடுகளில் ஒன்றையாவது நேரில் பார்க்க வேண்டும் என்றாள். எழுந்து முன்னால் நடந்தேன். கொங்கிரீட் பாதை முடிந்தது. மணலும் முடிந்தது. காலில் தண்ணீர் பட்டது.

"நாலாம் வீடு எங்க மாமா?"

முன்னால் கடல் மட்டும்தான் இருந்தது. நான் சொன்னது சுனாமிக்கு முந்தின ஒழுங்கை.

அந்தப் பிள்ளை கவிழ்த்து வைத்த தோணியில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளாக அழிக்கத் தொடங்கினாள். அழிக்கவும், இறந்தாரா இடம் மாறினாரா என்று காரணம் போட வேண்டுமாம். அவள் கேட்கக் கேட்க, "மௌத்து" என்றேன். அடக்கம் செய்ய ராத்தாவின் மையித்து கிடைக்கவே இல்லை. அவளைப் பற்றி அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முதலாகச் சொன்னேன்.

"ஆறாம் வீட்டுக்காரர்? கரைவலை, வயசு ஐம்பது, பொஞ்சாதி, ஒரு மகள். இவங்களும் மௌத்தா?"

கடல் பக்கமிருந்து மறுபடியும் ஒரு படலை திறக்கிற சத்தம். சுனாமி வந்த அந்தக் காலையில் நான் மாவடிப்பள்ளியில் கூட்டாளியின் வயலுக்குப் போயிருந்தேன்.

"பொஞ்சாதியும் மகளும் மௌத்து. அவர அழிக்காதீங்க மகள். அது நான்தான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வயதை மட்டும் திருத்தி, தொழில் இல்லை என்று போட்டாள். பிறகு இப்போது இருக்கிற ஒழுங்கைகளுக்கு வீடு வீடாகப் போனோம். அஸர் பாங்கு சொல்லும்வரை நடந்தோம்; ஊர்க் கணக்குத் தப்பியது.

அந்த அறிக்கை இப்போது சட்டம் போடுகிறவர்களின் மேசையில் இருக்கும். அதில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரே ஒரு ஆள். அன்றிலிருந்து யார் ஊர்க் கணக்குக் கேட்டாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஏனென்றால் மூடினால் அங்கே ஐம்பது வயதுக்காரன் ஒருவன் எனக்காகப் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான்.