வெறுங்காலும் ஸ்கிப்பிங் கயிறும்

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி ஒரு பிரெஞ்சுப் பெண். விடுமுறைக்குக் கடலோரம் போகிறாளாம், அங்கே மணலில் ஓடிப் பழகப் போகிறாளாம். புதிதாகத் தொடங்குகிறவளுக்கு ஏதாவது யோசனை உண்டா என்று போன சனிக்கிழமை செய்தி அனுப்பியிருந்தாள். பாரிஸின் ரூ காய் தெருவில், தமிழ் மளிகைக் கடை வரிசையில் நின்றபடி கட்டைவிரலால் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். முதல் சில நாள் நட, ஓடாதே. ஈர மணலில் போ, காய்ந்த மணல் கெண்டைக்காலைப் பிடித்துவிடும். ஷூவைக் கழற்றாதே. இதைத் தட்டும்போது கடைக்காரர் கருவாட்டுப் பெட்டியொன்றைக் கத்தியால் கீறித் திறந்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் விரல் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நின்ற ஒரு அம்மா என்னை லேசாகத் தள்ளி, "பிள்ளை, போங்கோவன்" என்றார்.

பிள்ளை. என்னை முதலில் அப்படிக் கூப்பிட்டவர் சுதன் அண்ணை.

அப்போது நான் மாணவி. ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாலை நேரங்களில் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். அண்ணை அங்கே சமையல். யாழ்ப்பாணத்துக் கடலோரக்காரர், நாற்பதைத் தொடாத வயது, தொப்பை மட்டும் முன்கூட்டியே தொட்டிருந்தது. நானோ உடற்பயிற்சிப் பைத்தியம். வீடியோ பார்த்துப் பார்த்து வந்த பைத்தியம்தான். கையை விரித்தால் இரண்டு சுவரிலும் இடிக்கும் என் அறையில் நான் ஸ்கிப்பிங் ஆட, கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் தாளம் போடுவார். காது கொடுக்கிற எவருக்கும் பயிற்சி சொல்லித் தரத் துடித்தேன். அண்ணை காது கொடுத்தார், பாவம்.

அவருக்குச் சீனி வருத்தம், எங்கள் ஊரில் சர்க்கரை நோய் என்போம். "கொஞ்சம்தான்" என்பார். தினமும் வேகமாக நட, இல்லாவிட்டால் அடுத்தது ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லாச்சப்பல் பகுதியில் நடக்க மாட்டாராம். அவர் கறியைச் சாப்பிடாத ஆள் அந்தத் தெருக்களில் கிடையாது. "இஞ்சை நான் ஓடினா சனம் என்ன கேக்கும் தெரியுமோ? ஆர் அண்ணை துரத்துறது, பொலிசோ, மனிசியோ எண்டு கேக்கும்." மனைவியே இல்லாதவருக்கு அது இரட்டை அவமானம்.

அவரைத் தெரியாத இடம் வேண்டும், அவ்வளவுதானே? கடை திங்கட்கிழமை பூட்டு. கார் து நோர் ரயில் நிலையம் நடந்து போகிற தூரம். வடக்கே, பெயர் கூட வாயில் நுழையாத ஒரு கடற்கரை ஊருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். முதுகுப்பையில் தண்ணீர், வாழைப்பழம், ஸ்கிப்பிங் கயிறு. ரயிலில் நான் ஓயாமல் திட்டம் விளக்க, அண்ணை ஜன்னல் பக்கம் சாய்ந்து நன்றாகக் குறட்டை விட்டார்.

நான் கரூர்க்காரி. நீச்சல் தெரியாது, கடல் என்றால் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்த கடல்தான். அங்கே இறங்கியபோது கடலையே காணோம். மணல், மணல், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு. அண்ணைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கடை கடல் வாசல்லையே நிக்கும். இது என்ன, கோவிச்சுக்கொண்டு போட்டுதோ?" கரையில் ஒரு பலகையில் அன்றைய நேரங்கள் எழுதியிருந்தன. உயிர்காப்பாளர் வேலைக்கு வரும் நேரமாக்கும் என்று எண்ணிக் கடந்து போனேன்.

கடலைத் தேடி நடந்தோம். நடுவில் மணல்மேடு ஒன்று லேசாக முதுகு காட்டியது. அதற்கு இந்தப்பக்கம் நீளமான ஒரு பள்ளம், அதில் பாதம் நனையாத அளவுக்கு ஈரம். மேட்டின் தொடக்கத்தில் அண்ணை நின்று ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்து, ஜோடியாகச் சேர்த்து வைத்தார், கோயில் வாசலில் வைப்பதுபோல. "கடலுக்கை சப்பாத்தோடை போறதே?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என்னுடையதையும் பக்கத்தில் வைத்தேன். ஈர மணலில் வெறுங்காலோடு ஓடுவது பாதத்துக்கு நல்லது என்று எங்கோ பார்த்த ஞாபகம் வேறு.

மேடு முழுக்க எங்களுக்கே. சற்று நடந்தோம், சற்று ஓடினோம், மூச்சு வாங்கினோம். தெருவில் தலை நிமிராமல் போகிற மனிதர் அங்கே கைகளை வீசி, பாட்டு முணுமுணுத்து ஓடினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. தூரத்தில் வலையைத் தள்ளி இறால் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவரும், நாயோடு ஒரு பெண்ணும் இருந்தார்கள். பிறகு பார்த்தபோது கிழவர் இல்லை. நாயோடு வந்தவளும் இல்லை. எங்களுக்கு இடம் இன்னும் தாராளமாயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது.

கயிற்றை எடுக்கத் திரும்பியபோது அண்ணையின் காலடித் தடங்களைப் பார்த்தேன். இடது பாதம் பதிந்த இடத்திலெல்லாம் சிவப்பு.

"அண்ணை, ரத்தம்."

குனிந்து தன் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலுக்கு முன்னால் நல்ல ஆழமாக ஒரு கீறல், உடைந்த சிப்பி கிழித்திருக்க வேண்டும். அவர் முகத்தில் வலியே இல்லை. "எனக்கு ஒண்டும் நோகேல்லை" என்றார். அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் துண்டைக் கிழித்துக் கட்டினேன். ஷூவைப் போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம் என்று, வந்த தடத்தைப் பிடித்தே நடந்தோம். சிவப்புத் தடம் ஒன்று, வெறும் தடம் ஒன்று. பின்னோக்கிப் போகப் போகச் சிவப்பு மங்கி நின்றது. அப்புறம் தடங்களே தண்ணீருக்குள் போயின.

ஷூக்கள் இருந்த இடத்தில் தண்ணீர். பள்ளம் ஆறாகியிருந்தது. கடல் எங்களுக்கு முன்னால்தான் இருக்கிறது என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அது சுற்றிவந்து முதுகுப்பக்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. ஓசையே இல்லாமல்.

அண்ணை பதறவில்லை. "நான் கடலுக்குப் பக்கத்திலை பிறந்தவன். தண்ணி வரும், கொஞ்சத்தாலை வத்தும். பொறு." அவருடைய கடலுக்கு அது உண்மையாக இருக்கலாம். மணலில் கிடந்த ஒரு குச்சியை நீர் ஓரத்தில் குத்தினேன். அவர் அடுத்த வாக்கியத்தை முடிப்பதற்குள் குச்சி நீருக்குள் நின்றது. கரையிலிருந்த பலகை ஞாபகத்துக்கு வந்தது. உயிர்காப்பாளருக்கல்ல, கடலுக்குத்தான் அந்த நேரம். சொன்னேன். குச்சியைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். கரையில் ஒரு தலைகூட இல்லை.

"இப்பவே கடக்கவேணும்" என்றார். "நீ நீந்துவியோ?"

"தெரியாது."

"எனக்கு நீந்தத் தெரியும்." நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "ஆனா பாதம் ரெண்டும் எனக்குத் தெரியிறேல்லை பிள்ளை. கன நாளா. நிலம் எங்கை, பள்ளம் எங்கை எண்டு எனக்குப் பிடிபடாது."

டாக்டரிடம்கூட அதை அவர் சொல்லியிருக்கவில்லை.

ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு பிடியை என் மணிக்கட்டில் சுற்றினார், மற்றதைத் தன் மணிக்கட்டில். "நீ முன்னாலை போ. உனக்குக் கால் இருக்கு. தண்ணிக்கை தாண்டு போனா நான் இழுத்தெடுப்பன்."

போனேன். ஏப்ரல் தண்ணீர் அந்தக் கடலில் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு விளக்க எனக்கு இன்றும் சொல் கிடைக்கவில்லை. முழங்கால், இடுப்பு. மணல் காலடியில் அரித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. கால்விரலால் தடவி, உறுதியான இடம் கிடைத்தால் "இங்க" என்பேன். பின்னால் "ஓம்" என்று குரல் வரும். அவ்வளவுதான் பேச்சு. நெஞ்சுக்கு வந்தபோது ஒரு கால் வைத்த இடத்தில் நிலமே இல்லை. வாயில் உப்பு, காதில் இரைச்சல், மணிக்கட்டு அறுந்ததுபோல ஒரு இழுப்பு. மேலே வந்தேன். அண்ணை என்னை வலப்பக்கம் இழுத்து நிறுத்தி, "அங்கை தேடு" என்றார், கடையில் மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடச் சொல்கிற அதே குரலில். தேடினேன். கிடைத்தது. அதன்பின் நிலம் மெல்ல மெல்ல ஏறி வந்தது.

கரையில் இருவரும் நாய்போல் நடுங்கிக்கொண்டு, வாழைப்பழத்தைத் தோலோடு கடித்தோம். திரும்பிப் பார்த்தால் மேடு இல்லை. அங்கே ஒரு மேடு இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

காயம் ஆற மாதக்கணக்காயிற்று. ஆஸ்பத்திரியில் அண்ணை முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். நான் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, டாக்டர் ஒரு ஊசியால் அவர் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பல இடங்களில் அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். கால் தப்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தப்பியிருக்காதாம். தடித்த, அழகில்லாத, நீரிழிவுக்காரருக்கென்றே செய்த சப்பாத்து ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவர் தினமும் காலையில் ஃபொபூர் சேன்-தெனி நெடுகிலும் நடந்தார், வேகமாக, எல்லோரும் பார்க்க. எதிர்பார்த்தபடியே கடை வாசல்களிலிருந்து கேட்டார்கள். "சுதன் அண்ணை, ஆர் துரத்துறது?"

"கடல்" என்பார், நிற்காமல்.

மளிகைக் கடையிலிருந்து வெளியே வந்து தோழிக்கு மீதிப் பதிலை அனுப்பினேன். கடல் எத்தனை மணிக்குத் திரும்பி வரும் என்று முதலில் பார். அதுகூடத் தெரியாதவர்கள் உண்டா என்ற கேள்வியோடு சிரிக்கும் முகப் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

அந்தச் சாப்பாட்டுக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கண்ணாடி மாற்றுகிறார்கள். அண்ணை அக்கா குடும்பத்தோடு கனடா போய்விட்டார். அங்கே பனியில் நடக்கிறாராம். 'ஆர் துரத்துறது' என்று கேட்டவர்களிலும் பாதிப் பேர் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் இப்போது நான்தான் அந்தத் தெருவில் ஓடுகிறேன், நல்ல ஷூ போட்டுக்கொண்டு, மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை. பதில்கூட நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது.

யாரும் கேட்பதில்லை.