ரெண்டு முதுகுக்கும் ஆமா

முதுகு பேசினால் கை ஆமா போட வேண்டும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு இதுதான் சட்டம். மறுத்துப் பேசினால் படுத்திருக்கிறவருக்கு முதுகு விறைக்கும். விறைத்த முதுகில் எண்ணெய் இறங்காது. மறுநாள் அவர் அடுத்த ஆளிடம் போய்ப் படுப்பார். சுடலையாண்டி இருபத்திரண்டு வருஷமாக ஆமா போட்டுக்கொண்டிருந்தார். காங்கிரஸ்காரருக்கும் ஆமா, கழகத்துக்காரருக்கும் ஆமா. சம்பந்தி மோசம் என்று ஒருவர் புலம்பினால் ஆமா. அந்தச் சம்பந்தியே மறுநாள் வந்து படுத்து முந்தின நாள் புலம்பினவரைத் திட்டினால் அதற்கும் ஆமா. மனுஷன் என்ன செய்வார்? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

சொந்த ஊர் வடகரை. வயல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், பெண்சாதி வள்ளித்தாய் காய்ச்சலில் இறந்த வருஷம் கைக்குழந்தை மாரித்தாயைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்கு வந்தார். சாரல் மூன்று மாதம் அருவிக்கரைப் பாறையில் எண்ணெய். மிச்ச ஒன்பது மாதம் இலத்தூர் தோப்புகளில் தேங்காய் உரிப்பு. ஐம்பது வயதுக்குள் பெருவிரல் ரெண்டும் வீங்கி, சோற்றைப் பிசையவே வலித்தது. ஆனாலும் பாறையில் கை நின்றதில்லை.

மாரித்தாயைச் சொரிமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்தார். எட்டாவது படித்தவன், உழைப்பாளி, குடி கிடையாது. ஒரே ஒரு கோளாறு, உள்ளதைச் சொல்லிவிடுவான். மாமனாரோடு எண்ணெய்த் தொழிலுக்கு வந்தவன், முதல் வாரமே நாகர்கோவில் வியாபாரி ஒருவரிடம், "முதுகுவலி இல்ல சார் ஒமக்கு, தொந்தி. சோத்தைக் கொறையும்" என்று சொல்லிவிட்டான். அதோடு அவனிடம் ஒருத்தரும் படுக்கவில்லை. தென்காசியில் ரெண்டு கடையிலும் இதே கதைதான். ஊரில் வேலை நிற்காமல், மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி நின்றான். அங்கே பெண்டாட்டியைக் கூட்டிப்போக முடியாது. மாரித்தாய்க்கோ வயிற்றில் ஆறு மாசம்.

"எப்பா, ஒங்ககிட்ட எத்தனை பெரிய ஆளுவ வாராவ. ஒருத்தர்கிட்டயாவது கேளுங்களேன்" என்று அழுதாள்.

அறுபத்தெட்டாம் வருஷ ஆடியில் வந்தார்கள் அந்த ரெண்டு பேர். தென்காசிக்காரர் ஞானசம்பந்தம், வடகரைக்காரர் மசூது. ரெண்டு பேருக்கும் மெட்ராஸில் ஒரே ஆபீஸில் உத்தியோகம். அங்கே கம்ப்யூட்டர் என்று, ஒரு அறை நிறைய யந்திரம் வந்திருக்கிறதாம். அட்டையில் ஓட்டை போட்டு உள்ளே விட்டால் கணக்குப் போட்டுத் தள்ளுமாம். போடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இன்ன வேலையைச் செய் என்று அதற்கு எழுதிக் கொடுக்க ஒரு பாஷை வேண்டுமாம். ஃபோர்ட்ரான் என்று ஒன்று, கோபோல் என்று ஒன்று. எது உசத்தி என்பதில்தான் ரெண்டு பேருக்கும் அடிபிடி. மூன்று வருஷத்துக்கு முன் இந்தி வேண்டாமென்று ஊரே கடையடைத்தது. அதிலாவது ஒரு நியாயம் இருந்தது. இது யந்திரத்தோடு பேசுகிற பாஷைக்குச் சண்டை! சுடலையாண்டிக்குக் கேட்கவே ஆயாசமாக வந்தது.

காலையில் ஞானசம்பந்தம் வந்து குப்புறப் படுப்பார். "கணக்குப் போடுத மிஷினுக்குக் கணக்கு மாதிரிதான எழுதணும்? ஃபோர்ட்ரான்ல ஒரு வரியில முடியுததை, அந்த மசூது கோபோல்ல ஒரு பக்கத்துக்குக் கடுதாசியா எழுதுதான். நீயே சொல்லு சுடலை."

"ஆமாய்யா. சுருக்கமா இருக்கதுதான் நல்லது."

மத்தியானம் மசூது. "இந்த ஞானசம்பந்தம் எழுதுத சுருக்கத்தை நாளைக்கு அவர் மாறிப் போயிட்டா எவன் வாசிப்பான்? கோபோல்னா இங்கிலீஷ் தெரிஞ்ச எந்த குமாஸ்தாவும் வாசிச்சுப்பிடுவான். எது ஒசத்தி?"

"ஒங்களுதுதான்யா. நாலு பேருக்குப் புரியணும்லா."

நாலு நாள் இப்படி ஓடியது. நடுவில் ரெண்டு பேரிடமும் தனித்தனியாக மருமகனைப் பற்றிச் சொன்னார். நல்ல நேரம் பாருங்கள், யந்திர அறையில் அட்டைக் கட்டுகளை எடுத்துக் கொடுத்து அடுக்கி வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆள் எடுக்க முடியும். "நான் போடுதேன்" என்றார் ஞானசம்பந்தம். "எனக்கும் சம்மதந்தான்" என்றார் மசூது. மெட்ராஸுக்குக் கிளம்பும் நாள் காகிதம் எழுதித் தருவதாகப் பேச்சு. மெட்ராஸென்றால் பெண்டாட்டியையும் கூட்டிப்போகலாம். மாரித்தாய் நாலு மாசத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

கிளம்பும் நாளன்று இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஞானசம்பந்தம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஊற உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பெருகிவிட்டதால் போலீஸ்காரர் அருவிக்குள் யாரையும் விடவில்லை. மசூது படுத்திருந்தார். சும்மா இருக்குமா வாய்? ஆரம்பித்தது சண்டை.

"இந்தச் சுடலைக்கே புரிஞ்சிருக்கு வே! ஃபோர்ட்ரான்தான் நல்லதுன்னு என்கிட்டச் சொன்னான்" என்றார் ஞானசம்பந்தம்.

சுடலையாண்டியின் கைக்கு அடியில் மசூதின் முதுகு விறைத்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்கிட்டக் கோபோல்தான்னுல்லா சொன்னான்! ஏய்யா, யார்கிட்டப் பொய் சொன்னே?"

ஒருத்தர் பேரைச் சொன்னால் மற்றவர் கையெழுத்துப் போச்சு. பழகின வாய், "ஆமாய்யா" என்றது.

"என்ன ஆமா?"

"ரெண்டு பேருகிட்டயும்தான்யா. எனக்கு ரெண்டும் தெரியாது. நான் கைநாட்டு. எம்மவளுக்காவச் சொன்னேன்" என்று கும்பிட்டார். எண்ணெய்க் கையோடு கும்பிட்டது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

மசூது கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னார்: "அந்த அட்டையெல்லாம் வரிசை மாறாம இருக்கணும்யா. கைதவறி ஒரு கட்டு விழுந்தா, விழுந்துட்டு சார்னு ஓடிவந்து சொல்லுத ஆளு வேணும். நாங்க மொகம் சுளிப்போமேன்னு பொறுக்கி அடுக்கிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாம்னா, எங்களுக்கு ஒரு மாச வேலை மண்ணாப் போவும். ஒம்ம வீட்டு ஆளை எப்படிய்யா எடுக்கது?"

"அது சரிதான் வே" என்றார் ஞானசம்பந்தம். அந்த ரெண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தார் சுடலையாண்டி.

"அய்யா, அவன் என்னை மாதிரி இல்லய்யா! மூஞ்சிக்கு நேரா உள்ளதைச் சொல்லுவான். அதனாலதான்யா அவனுக்கு ஒரு எடத்துலயும் வேலை நிக்கல."

ஞானசம்பந்தம் சிரித்தார். "இப்ப எங்களுக்கு இது வேணும்னு தெரிஞ்சதும் இதைச் சொல்லுதியாக்கும்."

அதற்குள் போலீஸ்காரர் விசில் ஊதி ஆட்களை உள்ளே விட்டார். ரெண்டு பேரும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே அருவிக்குப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சொரிமுத்து தகரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். தன் வேட்டியை மட்டும் வைக்கவா, மாரித்தாய் சேலையையும் சேர்த்து வைக்கவா என்று மாமனார் முகத்தைப் பார்த்தான். மாரித்தாய் வாசலுக்கே வந்துவிட்டாள்.

அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மகளிடம் பொய் சொல்லத் தெம்பில்லை.

"அப்படிப்பட்ட ஆளைத்தான் தேடுதாவன்னா, இவுகளைப் பத்திச் சொல்ல வேண்டியதுதானப்பா? இவுக வாயில பொய்யே வராதுன்னு?"

"சொன்னேன் தாயி."

"பெறவு?"

"நான் சொன்னதால நம்பல."

மாரித்தாய் உள்ளே போய், கொடியில் தன் சேலையை விட்டுவிட்டு, புருஷனின் ரெண்டாவது வேட்டியை மட்டும் எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.