கேட்டுக் கேட்டே ஏறிய பாடம்

தம்பி ஹாபிஸாகி நயினாதீவுக்கு வந்து இறங்கிய நாளில் எங்கள் சொந்தபந்தம் எல்லாம் இறங்குதுறைக்குப் போயிற்று. நான் போகவில்லை. குசினிக்குள் இருந்து தேங்காய் துருவினேன். வயிற்றெரிச்சல்தான், வேறு காரணம் இல்லை.

ஹாபிஸ் என்றால் குர்ஆன் முழுவதையும் நூலைப் பாராமல் ஓதத் தெரிந்தவன். தம்பி என்னைவிட ஒரு வயது இளையவன். ஊர்ப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பையிடம் இருவரும் ஒன்றாகத்தான் ஓதப் பழகினோம். முதலில் ஓதி முடித்தவள் நான். "மூத்தவளுக்குத்தான் நல்ல நினைவு" என்று லெப்பையே வாப்பாவிடம் சொன்னார். வாப்பா தலையாட்டிவிட்டு, தம்பியைக் கப்பல் ஏற்றுவதுபோல ஆரவாரமாகத் தெற்கில் ஒரு மதரசாவுக்கு அனுப்பினார். எனக்கு ஒரு தையல் ஊசிப் பெட்டி வாங்கித் தந்தார்.

அது இந்திய இராணுவம் இருந்த காலம். வழி நெடுக சோதனைச்சாவடிகள். தம்பியின் பையைக் கொட்டிக் கிளறியிருக்கிறார்கள். "நெஞ்சுக்குள்ள இருக்கிறதை ஆரும் கிளறேலாது வாப்பா" என்று முற்றத்தில் நின்று அவன் சொன்னதும் வாப்பாவின் கண் கலங்கியது. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. மாமிமார் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் நோன்பு பிறந்தது. இரவில் தராவீஹ் தொழுகையை அவன்தான் நடத்த வேண்டும், ஒரு நோன்புக்கு ஒரு பாகமாகக் குர்ஆனை முழுதும் ஓத வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் தீவில் அதுவரை ஒருவரும் அப்படி ஓதியதில்லை. இரவு ஓதப்போகும் பாகத்தை அவன் பின்னேரத்தில் யாரிடமாவது ஓதிக் காட்ட வேண்டும். அந்த ஆள் நூலைப் பார்த்துப் பிழை பிடிக்க வேண்டும். வாப்பாவுக்குக் கடை. லெப்பைக்குக் கஞ்சி காய்ச்சும் வேலை. "ராத்தா சும்மாதானே இருக்கிறா" என்றான் தம்பி. நான் சும்மா இருந்ததாக அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

குர்ஆனை ரேகால் பலகையில் விரித்து விரலை ஓட்டிக்கொண்டு நான் இருப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓதுவான். தொண்டை காயும் என்று நோன்பு திறக்கும்போது அவனுக்கு மட்டும் ஓர் அவித்த முட்டை. படகு ஒழுங்காக ஓடாத நாட்களில் முட்டை பெரிய விஷயம். அவனுக்கு வைத்ததை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.

அவன் ஒவ்வொரு பாகத்தையும் பல தடவை ஓதிக் காட்டியதில், என்னை அறியாமலே எனக்கும் பாடமாகியது. அவன் வாய் திறக்குமுன் அடுத்த வசனம் என் நாக்கில் வந்து நிற்கும். ஓரிடத்தில் மட்டும் அவன் தவறாமல் வழுக்குவான். ஒரு நபி மந்திரவாதிகளோடு போட்டியிடும் கதை பல அத்தியாயங்களில் வரும். வசனங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஓர் அத்தியாயத்தில் தொடங்கி, அவன் அறியாமலே இன்னோர் அத்தியாயத்துக்குள் போய்விடுவான். நான் பலகையில் தட்டுவேன். திரும்பி வருவான்.

அந்த நோன்பில் ஒரு நாள் லெப்பை பெண்களுக்குப் பயான் என்ற மார்க்கப் பேச்சு நடத்தினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் வேதம் ஒரே நூலாக இருக்கவில்லையாம். மனிதரின் நெஞ்சில் இருந்தது. ஈச்ச மட்டையிலும் தட்டைக் கல்லிலும் எலும்பிலும் எழுதியிருந்தது. பிறகு ஒரு போரில் மனனம் செய்தவர்கள் பலர் இறந்துபோக, முதலாம் கலீபா எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கச் சொன்னார். பாடம் என்று சொன்னால் மட்டும் போதாது, எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். அந்த ஏடுகள் கடைசியில் நபிகளாரின் மனைவியருள் ஒருவரிடம், இரண்டாம் கலீபாவின் மகளிடம், இருந்தன. மூன்றாம் கலீபா ஆளனுப்பி அவரிடம் இரவல் வாங்கித்தான் பிரதிகள் எடுத்து ஊர்களுக்கு அனுப்பினார்.

"அவவுக்கும் பாடம் இருந்ததோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, இருந்தது எண்டுதான் சொல்லுவினம்."

எனக்கு அந்த அம்மையார்மீதும் பொறாமை வந்தது. கலீபாவே ஆளனுப்பிக் கேட்கும் இடத்தில் அவர் இருந்தார். எங்கள் வீட்டில் என்னிடம் மீன் வெட்டும் கத்தி எங்கே என்றுதான் கேட்டார்கள்.

மந்திரவாதிகளின் கதை வரும் இரவும் வந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் துணித்திரைக்குப் பின்னால். இமாம் பிழை விட்டால் ஆண்கள் 'சுப்ஹானல்லாஹ்' என்று குரல் கொடுப்பார்கள். பெண் என்றால் கையால் மறுகையின் புறத்தைத் தட்டலாம். வாய் திறப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. தம்பி அருமையாக ஓதிக்கொண்டு போனான். அந்த இடத்தில் அப்படியே மற்ற அத்தியாயத்துக்குள் நுழைந்தான். ஆண்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. விட்டால் ஊர் முழுதும் கேட்ட முதல் ஓதலில் அந்த வசனங்கள் விடுபட்டுப் போகும்.

தட்டினேன். அவன் நின்றான். பின்னுக்குப் போய் மறுபடி ஓதினான். மறுபடியும் அதே வழுக்கல். மறுபடியும் தட்டினேன். இந்த முறை அவனால் ஒரு சொல்லும் எடுக்க முடியவில்லை. எனக்கு உள்ளுக்குள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வசனம் நாக்கில் நின்று குத்தியது. திரைக்குப் பின்னாலிருந்து சத்தமாக ஓதினேன்.

பக்கத்தில் நின்ற உம்மாவின் உடம்பு விறைத்தது. தம்பி என் குரலைப் பிடித்துக்கொண்டு மேலே போனான்.

மறுநாள் பின்னேரம் தம்பி வந்து இருந்து, ரேகாலைத் தன் பக்கம் திருப்பினான்.

"இண்டைக்கு நீ ஓது. நான் பாத்துக் கேக்கிறன்."

ஓதினேன். பாதியில் அவன் விரல் நின்றுவிட்டது.

"உனக்கு ஆரும் அடிச்சவையோ ராத்தா?"

"என்னத்துக்கு?"

"பாடம் ஏறுறதுக்கு. எனக்குப் பிரம்பாலதான் ஏத்தினவை. உம்மாவை நினைச்சு அழுதாலும் அடிதான். நீ உம்மாவுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு கேட்டே எடுத்துப்போட்டாய். உன்னைப் பாக்க எனக்குப் பொறாமையா இருக்கு."

இத்தனை வருடமும் பொறாமை என்னுடைய சொத்து என்று நினைத்திருந்தேன். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா கிடக்கவில்லை. "முட்டை உனக்குத்தானே" என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

பாங்கு கேட்டது. நோன்பு திறக்க இருந்தோம். உம்மா முட்டையை அவன் கோப்பையில் வைத்தார். அவன் அதை எடுத்து என் கோப்பையில் போட்டான்.

"அது ஓதுற பிள்ளைக்கு வச்சது" என்று சொல்லி, உம்மா அதை எடுத்துத் திரும்ப அவன் கோப்பையிலேயே வைத்தார்.