ஒரே கவரில் வந்த மீன்கள்

மக்களே, உங்கள் அப்பாவைக் காலேஜ் லேபிலிருந்து தண்ணீர் மோட்டார் அறைக்கு ஏன் மாற்றினார்கள் என்று வெளியே பலவிதமாகச் சொல்கிறார்கள். பெரிய மனிதர்கள் கூடிய மாநாட்டில் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டார் என்று ஒரு பேச்சு. குடித்திருந்தார் என்று இன்னொரு பேச்சு. நான் டீயைத் தவிர வேறு எதையும் குடிப்பவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன் எழுதுவது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

விலங்கியல் துறையில் எனக்கு அட்டெண்டர் வேலை. கண்ணாடிச் சாமான்களைக் கழுவ வேண்டும், ஃபார்மலின் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்ட வேண்டும், ஆராய்ச்சிக்கு மீன் வாங்கி வர வேண்டும். எங்கள் துறையில் ஒட்டுண்ணிகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி. இன்னொரு உயிரின் உடம்பில் இடம் பிடித்து அதையே உண்டு வாழ்கிறவை ஒட்டுண்ணிகள். பாரை மீனின் வாயைத் திறந்தால் சில நேரம் நாக்கின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். விரல் நுனி அளவுதான். இரண்டு கறுத்த கண்களால் நம்மையே பார்ப்பது போல இருக்கும். ஏழு சோடிக் கால்கள், ஒவ்வொன்றிலும் கொக்கி. கடற்கரையில் அதைப் பேன் என்பார்கள். மீன் உயிரோடு இருக்கும்வரை அது இடத்தை விட்டு அசையாது. மீன் செத்தால் இறங்கி நடந்துவிடும். துறைமுகத்தில் மீன் வெட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். "மீனு செத்த பெறவு அதுக்கு அங்க என்ன சோலி?" என்று ஒருத்தி என்னிடமே கேட்டிருக்கிறாள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு நடந்தது இது. எங்கள் மூத்த பேராசிரியர், சார் என்றே சொல்கிறேன், பாரையும் நவரையும் வேண்டும் என்றார். நவரை என்பது சிவந்த சின்ன மீன். நான் தக்கலையில் காலையில் முதல் பஸ் பிடித்துத் தேங்காய்ப்பட்டணம் போனேன். இரண்டு வகை மீனையும் வாங்கி, ஒரே கவரில் போட்டு, ஒரு கை ஐஸும் அள்ளிப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன். லேபில் தட்டில் கொட்டியதும் சார் ஒரு நவரையின் வாயைத் திறந்தார். உள்ளே பேன். சாருடைய முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நவரையில் இந்தப் பேனை இதுவரை யாருமே கண்டதில்லையாம்.

"சார், அது பாரைல இருந்து எறங்கி வந்ததாக்கும். ரெண்டயும் ஒரே கவர்லதான் கெட்டிக் கொண்டு வந்தேன்" என்றேன்.

"நீ மீன் வாங்குனா போதும் ஓய். ஆராய்ச்சிய நான் பாத்துக்கிடுதேன்."

வாயை மூடிக்கொண்டேன். தற்காலிக வேலை, கல்யாணம் ஆன புதிது. அதுதான் காரணம். வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

அது கட்டுரையாக அச்சில் வந்தது. ஒட்டுண்ணி ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவர், செயலாளர், ஆயுள் உறுப்பினர் என்று நம் ஊர் வியாபாரிகள் சங்கம் மாதிரிதான். சண்டை மட்டும் இங்கிலீஷில் நடக்கும். அந்தச் சங்கம் சாருக்கு ஒரு ஷீல்டு கொடுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைத்து வைப்பதும் என் வேலையானது. ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் அந்தக் கவர் எனக்கு ஞாபகம் வரும்.

பிறகு ஒரு பெண் ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி, வாப்பா கல்ஃபில். நவரையில் இருக்கும் அந்தப் பேனைப் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று அவளுக்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். வாங்கிய நவரையை எல்லாம் அறுத்து அறுத்துப் பார்த்தாள். ஒன்றிலும் பேன் இல்லை. ஒரு நாள் நான் தட்டுக் கழுவும் இடத்துக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, சாருக்க பேப்பருக்கு மீன் கொண்டு வந்தது நீங்கதானா?"

"நான்தான்."

"எப்பிடிக் கொண்டு வந்தீங்க?"

குழாயை அடைத்தேன். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"ஒரே கவர்ல."

"அல்லாஹ்வே, அவ்வளவுதானா" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நிமிஷமே அழுவது போல ஆகிவிட்டாள். இல்லாத ஒன்றைத் தேடி ஒரு வருஷத்துக்கு மேல் போயிருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் வேறு மாதிரி மீன் கொண்டு வந்தோம். வலையிலிருந்து எடுத்த உடனே ஒரு மீனுக்கு ஒரு கவர். ஒவ்வொன்றுக்கும் முடிச்சு, உள்ளே மீன் விவரம் எழுதிய ஒரு சீட்டு. முடிச்சுப் போடுவது நான், சீட்டு எழுதுவது அவள். கரையில் நின்றவர்கள், "ஏலே, மீனுக்குத் தனித்தனி ரூமு போட்டாச்சா?" என்று கேலி பண்ணினார்கள். அப்படிக் கட்டிய நவரை ஒன்றில்கூடப் பேன் இல்லை. பேன் உள்ள பாரையோடு சுத்தமான நவரையை வேண்டுமென்றே ஒரே கவரில் கட்டி, பஸ் வந்து சேரும் நேரம் கழித்துத் திறந்தோம். நவரை வாய்க்குள் பேன், வாடகைக்கு வந்தவன் போல இல்லை, சொந்த வீட்டுக்காரன் போல உட்கார்ந்திருந்தது.

அவள் அதை எழுதினாள். அவளுடைய வழிகாட்டி மேடம், "எழுது, ஆனா சார் பேரு வராம எழுது" என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம் சங்கத்தின் மாநாடு எங்கள் காலேஜிலேயே நடந்தது. அங்கே அவள் சொல்வதை ஏற்றுக்கொண்டால் சங்கத்தின் இதழில் அச்சேறும். ஏற்கவில்லை என்றால் பட்டத்துக்கான வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாநாட்டில் குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. எல்லோர் கழுத்திலும் பேட்ஜ் தொங்கியது. எனக்குப் பேட்ஜ் இல்லை. எனக்கு மைக் இருந்தது. கேள்வி கேட்கக் கை தூக்குகிறவர்களிடம் வயர் இல்லாத மைக்கைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். சங்கச் செயலாளர் காலையிலேயே என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "மைக்க யார் கையிலயும் குடுத்திராத. குடுத்தா திரும்ப வராது. நீயே பிடிச்சுக்கோ."

சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடைய முறை வந்தது. தலைமை நாற்காலியில் சார். அவள் படங்களைக் காட்டினாள், கவர்களைப் பற்றிச் சொன்னாள், முடித்தாள். சார் தன் மேஜை மைக்கில் பேசினார். இங்கிலீஷ்தான், ஆனால் இத்தனை வருஷம் அந்த லேபில் பாட்டில் கழுவியவனுக்கு அவ்வளவு புரியும். தான் கண்ட மீன்கள் தனித்தனியாகச் சேகரிக்கப்பட்டவை, பயிற்சி பெற்ற பணியாளர் கொண்டு வந்தவை, இந்தப் பெண்ணுக்கு மீனைக் கையாளத் தெரியவில்லை என்றார். முன்வரிசைத் தலைகள் ஆடின.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் இரண்டு வருஷத்தை விட்டுக்கொடுக்கத் துணிந்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு கேள்வி உண்டா என்று சார் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. மைக் என் கையில் இருந்தது.

"சார், அந்தப் பயிற்சி பெற்ற பணியாளர் நான்தான்" என்றேன். என் குரல் நாலு பக்கத்திலிருந்தும் எனக்கே திரும்பக் கேட்டது. "தனித்தனியா கொண்டு வரல்ல. ரெண்டு மீனும் ஒரே கவர்ல. அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னேன்."

செயலாளர் எழுந்துவிட்டார். "உனக்கு பேட்ஜ் இருக்கா? உறுப்பினர்கள் மட்டும்தான் கேள்வி கேக்கலாம்."

"நான் கேள்வி கேக்கல்ல சார். பதில் சொல்லுதேன்."

"மைக்க இங்க குடு."

"யார் கையிலயும் குடுக்கப்பிடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

பின்வரிசையில் மாணவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மைக்கை இறக்கவும் இல்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த நரைத்த தலை அம்மா ஒருவர் எழுந்து, தமிழிலேயே, "ஐஸ் போட்டிருந்தீங்களா? எவ்வளவு நேரம் கவருக்குள்ள இருந்தது?" என்று கேட்டார்.

"ஒரு கை ஐஸ் அம்மா. பஸ்ஸு தேங்காய்ப்பட்டணத்துல இருந்து காலேஜு வாற நேரம்."

அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. சார் மணியை அடித்து, டீ இடைவேளை என்று அறிவித்தார்.

மறுநாள் துறைத் தலைவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடு. இதோட முடிஞ்சுபோகும்." தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா, "எதுக்கு உங்களுக்கு இந்த வேண்டாத சோலி?" என்று முதலில் சத்தம் போட்டாள். முழுதும் கேட்ட பிறகு, "ஒரே கவர்லயா கொண்டு வந்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்பம் அதைத்தான எழுதணும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இரண்டு வரிதான் எழுதினேன். அன்று மீன்களை ஒரே கவரில் கொண்டு வந்தேன். மாநாட்டில் அதைத்தான் சொன்னேன். அன்றைக்கே உரக்கச் சொல்லாததற்கு வேண்டுமானால் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறேன், வேறு யாரிடமும் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்த்தால் மூன்று வரி வரலாம்.

அந்த வாரமே மோட்டார் அறைக்கு அனுப்பினார்கள். லேபை விட்டு வந்தது வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சங்கம் அவள் கட்டுரையை இன்னும் அச்சில் போடவில்லை, தள்ளவும் இல்லை. இன்னும் கொஞ்சம் மீன்களைப் பார்த்து அனுப்பு, நான் படிக்கிறேன் என்று அந்த நரைத்த தலை அம்மா அவளுக்கு எழுதியிருக்கிறார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காலையிலேயே பையோடு தேங்காய்ப்பட்டணத்துக்குக் கிளம்பிவிடுகிறேன். சீட்டில் இப்போது புதிதாக ஒரு வரி உண்டு: கட்டியவர் கையெழுத்து. அது அவள் சேர்த்தது. ஒவ்வொரு கவரிலும் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

துறைத் தலைவருக்கு நான் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு வரியின் நகல் அலமாரியில் ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது. அப்பாவைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், பதிலுக்குச் சண்டை போட வேண்டாம். அதை எடுத்துக் காட்டுங்கள்.