ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருடம்

கனகத்தை ஒன்றாம் வகுப்பில் இரண்டாவது வருடமும் உட்கார வைத்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், நடுவில் நான் மற்றவர்கள் மேல் சொல்லும் குற்றமெல்லாம் நியாயம் போலத் தெரிந்துவிடும்.

அன்னூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற கிராமம் அது. அங்கே தொடக்கப் பள்ளியில் பதினாறு வருடம் டீச்சராக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிர்வீடு அங்கப்பன் வீடு. நாலு ஏக்கர் பூமி, ஒரு கிணறு, இரண்டு எருமை. அவர் மனைவி நாச்சியம்மாளிடம்தான் சாயங்காலம் பால் வாங்குவேன். கறந்து முடிகிற வரை எருமை கட்டியிருக்கும் இடத்தின் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருப்போம். மழையில் தொடங்கினாலும் மாமியாரில் தொடங்கினாலும் பேச்சு பிள்ளைகளில் போய்த்தான் நிற்கும்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் கனகம். அது அங்கப்பனைப் பெற்றவள் பெயர். ஒன்றேகால் வருடம் கழித்துப் பிறந்த பையனுக்கு ஒரு வாரப் பத்திரிகையில் தேடி தீபக் என்று வைத்தார்கள். அவளுக்கு யாரும் எதிலும் தேடவில்லை.

கனகம் எதையும் கேட்க மாட்டாள். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். தீபக் அதற்கு நேர் எதிர். நல்ல மனசு, ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஒரு இடத்தில் உட்கார மாட்டான். ஓடுகிற மோட்டாரை நிறுத்தி ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்ப்பான். அவன் அழுதால் எங்கள் பள்ளிக்கூடம் வரை கேட்கும்.

எண்பத்து நான்கில் கனகம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். தைக்குள் தமிழ்ப் புத்தகத்தை முழுக்க வாசித்துவிட்டாள். என் வகுப்பில் அந்த வருடம் அப்படி வாசித்தது அவள் ஒருத்திதான். அடுத்த ஜூனில் தீபக் வந்தான். முதல் நாள் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடினான். இரண்டாம் நாள் ஓடியவனைத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் பிடித்தார்கள். அன்றைக்கு நாச்சியம்மாளின் முகத்தில் உயிரே இல்லை. அவளுக்குச் சென்னியப்பன் என்று ஒரு தம்பி இருந்தானாம். எட்டு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நழுவிப் போய்க் கிணற்றில் இறங்கியவன் மேலே வரவில்லை. அன்று பத்து வயது அக்காவான இவளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் ஆடு மேய்க்க வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். 'நானு பக்கத்துல இருந்திருந்தா' என்பதை அவள் அதுவரை எத்தனை முறை என்னிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை.

மூன்றாம் நாள் தீபக் நேராக இரண்டாம் வகுப்பு அறைக்குப் போய் அக்காவை ஒட்டி உட்கார்ந்தான். சத்தமே இல்லை. அன்று சாயங்காலம் பால் சொம்பை என் கையில் கொடுத்துக்கொண்டே நாச்சியம்மாள் கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், அவளை இன்னொரு வருசம் ஒண்ணாப்புலயே போட்டுருங்களேன். ரெண்டும் ஒட்டுக்கா இருக்கட்டும். ஒட்டுக்காப் போயிட்டு ஒட்டுக்கா வரட்டும். பொட்டப் புள்ளைக்கு ஒரு வருசத்துல என்னங்க ஆயிரப் போவுது?"

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. முந்தின வருடப் பதிவேட்டில் 'வருகை போதாது' என்று எழுதி அவளைத் திரும்ப ஒன்றாம் வகுப்பிலேயே நிறுத்தினேன். அந்த வருடம் முழுவதும் அவள் வராத நாள் நாலுதான்.

அதே பெஞ்சு, அதே புத்தகம். முதல் பாடத்தைக் கேட்டபோது புத்தகத்தைத் திறக்காமலே கடகடவென்று ஒப்பித்தாள். பாதியில் தானாகவே நிறுத்தி, தம்பியைப் பார்த்து, "இனி நீ சொல்லு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் நினைவிலா இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. அதுதான் அதில் இருந்த கேடு. ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் பஸ் ஏறிப் பெரிய பள்ளிக்கூடம் போனார்கள். அவனுடைய சோற்றுப் போசியும் அவள் பையில்தான் இருக்கும். அவன் வீட்டுப்பாடத்தை அவன் கையெழுத்திலேயே எழுத அவளுக்குத் தெரியும். எவனோடாவது சண்டை என்றால் வாத்தியார் அவனைக் கூப்பிடமாட்டார், அவளைக் கூப்பிடுவார். நாச்சியம்மாள் பெருமையாகச் சொல்லுவாள், "எம் பையனுக்கு நானு ஒரு அம்மா, அவ ஒரு அம்மாங்க டீச்சர்." நானும் தலையாட்டுவேன்.

பத்தாவதில் அவள் நானூற்று நாற்பத்தொன்று. அவன் இருநூற்று அறுபத்திரண்டு. ரிசல்ட் வந்த அன்று என்னிடம் வந்து, "பயாலஜி குரூப் எடுத்தா நர்ஸுக்குப் போலாமுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். போகலாம் என்றேன். ஆனால் தீபக்குக்குக் கிடைத்தது காமர்ஸ் குரூப். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவளும் காமர்ஸ் குரூப்பில் இருக்கிறாள்.

"ஏங்க, அந்தப் புள்ளை வாங்கின மார்க்குக்கு இது என்னங்க?" என்று அங்கப்பனிடம் கேட்டேன்.

"சொல்லிக் குடுக்கறதுக்கு ஊட்டுலயே ஆளு வேணுமில்லீங்க. அப்பறம், ரெண்டு பேருத்துக்கும் ஒரே புஸ்தகமாப் போச்சு பாருங்க" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. மகள் மார்க் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று என்னிடம் கேட்டவரும் அவர்தான்.

தொண்ணூற்றேழு மாசியில் ஒரு சாயங்காலம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. நாச்சியம்மாள் கறந்துகொண்டிருந்தாள். அங்கப்பன் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். கனகம் என் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பேச்சு காலேஜுக்குப் போனது.

"கோயமுத்தூர்ல ஒரு காலேஜு விசாரிச்சிருக்கறேனுங்க. பசங்களும் புள்ளைகளும் ஒட்டுக்காப் படிக்கறது. பி.காம். ரெண்டு பேரையும் அதுல போட்டர்லாம்னு இருக்கறோம்" என்றார் அங்கப்பன்.

"தீபக்கை ஹாஸ்டல்ல விட்டுப் பாக்கலாமே. தானா நிக்கக் கத்துக்குவான்" என்றேன்.

நாச்சியம்மாள் மடியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "அவன ஆஸ்டல்ல உட்டா ரெண்டாம் நாளே ஓடியாந்துருவானுங்க. இல்லீன்னா எவன் மண்டையவாச்சும் ஒடைச்சுபோட்டு நிப்பான். இவ கூட இருந்தா எனக்கு வெசனமில்லீங்க."

"அப்ப கனகத்துக்கு நர்ஸு வேண்டாம்னாலும், நல்ல மார்க்கு வருமே. அவளுக்குன்னு ஒரு காலேஜு பாக்கக் கூடாதுங்களா?"

"அவ ஒண்ணும் கேக்க மாட்டாங்க டீச்சர். எங்க போட்டாலும் மொளைச்சுக்குவா. இவந்தானுங்க பாத்துப் பாத்து வளக்க வேண்டியவன்."

அப்போதுதான் கனகம் வாய் திறந்தாள்.

"காலேஜுலயும் ஒரே வகுப்புத்தானுங்களாம்மா?"

"பின்னெ? அவன் அக்கட்டப் பெஞ்சுல உக்காந்தா நீ இக்கட்டப் பெஞ்சுல உக்காரு. ஆனா ஒரே ரூம்பு. மூணு வருசம் கண்ணு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிரும்."

அங்கப்பன் சிரித்தார். நாச்சியம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கனகம் சொம்பை நீட்டினாள், பாலை வாங்கினாள், சிந்தாமல் என்னிடம் கொடுத்தாள்.

பரீட்சை நடந்தது. கடைசித் தாள் அக்கௌண்டன்சி. திருப்புதல் தேர்வில் அவள் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பாடம். அதற்கு முந்தின நாள் பூராவும் தீபக்கை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். எதிர்வீட்டிலிருந்து எனக்கே அந்த ஐந்தொகைக் கணக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று அங்கப்பன் அன்னூருக்கே சைக்கிளில் போய் வாங்கி வந்தார். பாஸானவர்களின் நம்பர் மட்டும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தீபக் நம்பர் இருந்தது. தெருவே கூடிவிட்டது. அவன் கனகத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு அவள் நம்பரைத் தேடினோம். மூன்று பேர் தேடினோம். இல்லை.

அச்சுப் பிழை என்று அங்கப்பன் சத்தியம் செய்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். மார்க் பட்டியல் வந்தபோது ஐந்து பாடத்தில் அவள்தான் பள்ளிக்கூடத்துக்கே முதல். அக்கௌண்டன்சியில் மூன்று சுழி, வெறும் பூஜ்யம். மறுகூட்டலுக்கு எழுதிப் போட வேண்டும் என்று அங்கப்பன் என்னிடம் வந்தார். மனுவை எழுத உட்கார்ந்த நான், கனகத்தை வரச் சொன்னேன்.

"எழுத வேண்டாமுங்க டீச்சர். வெறுந்தாளைத்தான் நூல் கட்டிக் குடுத்துட்டு வந்தேன்" என்றாள். "நம்பரு மட்டும் எழுதினேனுங்க. மூணு மணி நேரமும் சும்மா உக்காந்திருந்தேன்."

பேனாவை மூடி வைத்தேன். "ஏன் கண்ணு?"

"அவன் பாஸாயிருவான்னு தெரியுமுங்க. நாந்தானே சொல்லிக் குடுத்தேன். அவன் இந்த வருசம் போயிட்டான்னா, நானு அக்டோபர்ல எழுதி, அடுத்த வருசம் போலாம். ஒரு வருசம் பின்னால போனாத்தானுங்க நானு வேற வகுப்பு."

"அதுக்கு இப்படியா பண்ணுவாங்க? ஒரு வருசமே போச்சே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணாப்புல நீங்க என்னய நிறுத்துனீங்களே டீச்சர். அப்ப நாலு நாளுதான் நானு லீவு. இப்ப நானே நிறுத்திக்கிட்டேனுங்க."

பதினெட்டு வயதுப் பெண்ணின் முன்னால் நான் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மன்னிப்புக் கேட்கவில்லை.

நாச்சியம்மாளிடம் நான்தான் சொன்னேன். கனகம் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லீங்க டீச்சர்? நானு என்ன அவளை அடிச்சா போடுவேன்?" என்றாள்.

கேட்டாளே நாச்சியம்மா. இதே இடத்தில் நின்றுதானே கேட்டாள். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோமே. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே நினைவு வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

கனகத்தின் கணக்கில் ஒரே ஒரு பிழை. பெயிலான பெண்ணை அடுத்த வருடம் வரை வீட்டில் வைத்திருப்பார்கள் என்று அவள் நம்பிவிட்டாள். அங்கப்பனிடம் உண்மையைச் சொன்னோம். முதலில் அவர் அதை நம்பவில்லை. நம்பிய பிறகு, வேண்டுமென்றே செய்தாள் என்பது அவருக்குப் பெயிலானதைவிடக் கேவலமாகப் பட்டது. ஒறம்பரைக்காரர்கள், சொந்தபந்தமெல்லாம், வருகிற போதெல்லாம் அவள் பெயிலானதைப் பற்றியே கேட்டார்கள். ஆனியில் காரமடையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. தறி ஓட்டுகிற குடும்பம், பையன் பத்தாவது. "படிக்க வெக்கறீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க" என்று நான் அங்கப்பனிடம் கெஞ்சினேன். "பெயிலான புள்ளைக்கு இது வந்ததே பெருசுங்க டீச்சர். அதுல நானு எந்த வாயில கேக்கறது?" என்றார். நாச்சியம்மாள் பக்கத்தில் நின்றாள்.

தீபக் காலேஜில் சேர்ந்து மூன்று வாரம் போனான். நாலாவது வாரத்திலிருந்து காந்திபுரத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தான். திட்டினார்கள், அடித்தார்கள். "அங்க எனக்கு யாரையும் தெரியாதுங்க டீச்சர். என்ன சொல்றாங்கன்னே வெளங்க மாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. அவனையும் நாங்கள்தான் கெடுத்தோம்.

ஆவணியில் கல்யாணம். அக்டோபர் பரீட்சைக்கு அவளுக்காக நான் பணம் கட்டியிருந்தேன்; ஹால்டிக்கெட் பிறகு என் வீட்டு முகவரிக்கு வந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது வேன் வாசலில் நின்றது. பெண்ணுக்குத் துணையாக ஒரு ஆள் கூடப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருவது வழக்கம். நாச்சியம்மாள் தீபக்கை வேஷ்டி மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள். அவனும் பையோடு ஓடி வந்து வேன் படியில் கால் வைத்தான்.

"அவன் வேண்டாங்கம்மா" என்றாள் கனகம். கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது. "நானு தனியாவே போய்க்கறேன்."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீபக் காலை எடுத்துக் கீழே வைத்தான். வேன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. அவன் அந்தப் பையோடு தெருவிலேயே நின்றான். சின்னப் பையன் அழுவதைப் போல விம்மினான்.

கூட்டம் கலைந்த பிறகு நாச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எருமை மடியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போன கை.

"அவளுக்கு அங்க ஒண்ணும் ஆவாதுங்களே டீச்சர்? அவதான் எங்க போட்டாலும் மொளைச்சுக்குவாளுங்களே?"

பன்னிரண்டு வருடமாக அந்தப் பேச்சுக்குத் தலையாட்டி வந்தவள் நான். அன்றைக்கு என்னால் ஆட்ட முடியவில்லை. நான் ஆட்டுவேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.