மரத்தடியில் வைக்க வேண்டிய மாலை

கோவளத்துக்கு அப்பால், கடலை ஒட்டிக் கிடக்கும் ஒரு சிற்றூராட்சிக்கு விருந்தினரை அழைத்துச் செல்வது எங்கள் வீட்டில் நெடுநாளைய வழக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் சிற்றுண்டி முடித்து, தாம்பரத்தில் பேருந்து ஏறி, வண்டலூர் வழியாகச் சென்றால் வெயில் ஏறுமுன் அவ்வூர்க் கோயிலில் பெருமாளைச் சேவித்துவிடலாம். பிறகு சவுக்குத் தோப்பு, மணல், கரையேற்றிய படகுகள், மீனவப் பெண்கள் சுடச்சுட வறுத்து விற்கும் மீன். அதை நான் உண்பதில்லை. வந்தவர்களுக்குக் காட்டுவதோடு சரி. "அப்பா பென்ஷன் வாங்குற கைடு" என்பாள் என் மகள்.

மணமாகாதோர் அக்கோயிலுக்கு இரண்டு மாலைகளுடன் செல்வர். பெருமாளுக்குச் சாத்தியபின் ஒன்று திரும்பக் கிடைக்கும். அதைக் கழுத்தில் அணிந்து ஒன்பது முறை வலம் வந்து, வீட்டில் கொணர்ந்து காக்க வேண்டும். மணம் முடிந்தபின் கணவனும் மனைவியுமாக அந்தப் பழைய மாலையை எடுத்துச் சென்று, கோயில் மரத்தடியில் வைத்து வணங்க வேண்டும்.

என் மகளை வற்புறுத்தி வலம் வரச் செய்தவன் நான்தான். மறு ஆண்டு, தன்னுடன் பணிபுரிந்த கோவிலம்பாக்கத்துக் கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஒரு மாதம் கழித்து, அவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து மாலையைக் கேட்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் போய் வெச்சுட்டு வந்துடறோம்ப்பா."

"பெருமாள் முன்னால நடக்காத கல்யாணத்துக்கு மாலை எதுக்கு?"

"நான் கேட்டேன், அவர் குடுத்துட்டார். ஒரு தேங்க்ஸ் சொல்ல வேண்டாமா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சிரித்தாள். "சரி, கோபம் ஆறினதும் குடுங்க. காஞ்ச பூ, இனிமே என்ன வாடப் போவுது?"

கோபம் சில வாரங்களிலேயே ஆறிவிட்டது. ஆறியதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் இடம் தரவில்லை. தம்மை மகளைப் பிரிந்த தாயாகப் பாவித்து அடியார்கள் பாடிய பாசுரங்களை நாள்தோறும் ஓதிக் கண் கலங்கியவன், அரைமணிப் பயணத் தொலைவில் இருந்த மகளைத் தொலைபேசியில்கூட அழைக்கவில்லை. இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின. பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல். நான்கே நாள்.

மாதம் ஒன்று சென்றபின் அவள் கணவர் வந்தார். "சார், அந்த மாலை இருக்கா? கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா."

மாலையை ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு இருவரும் பேருந்தில் சென்றோம். கோயில் வாசலில் என்னைப் பல ஆண்டுகளாக அறிந்த பூக்காரம்மாள் பையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சாரு, மாப்ளய மட்டும் இட்டுகினு வந்துகீறீங்க? ஜோடியா வந்து வெக்கணும், தெரியாதா உங்களுக்கு? பொண்ணு எங்க?"

மகளின் கணவர்தான் பதில் கூறினார்: "முன்னாடியே போயிட்டாங்கக்கா."

"அப்ப ஓடுங்க, நட சாத்திருவாங்க."

மரத்தடியில் ஓர் இளம் தம்பதி தங்கள் மாலையை வைத்துவிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் நகரும்வரை காத்திருந்தோம். அவர் மாலையை வெளியே எடுத்தார். இதழ்கள் பொடியாகிப் பையடியில் தங்கிவிட்டிருந்தன. கையில் வந்தது நார் மட்டுமே. அதன் ஒரு முடிச்சில் நீண்ட கூந்தல் இழை ஒன்று சிக்கியிருந்தது. வலம் வந்த நாளில் சிக்கியதாக இருக்கும்.

"சார், இதை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?"

இதற்குமா என் அனுமதி? தலையசைத்தேன். இழை அறுந்துவிடாதபடி நகத்தால் நெடுநேரம் நாரை நெகிழ்த்தி, அதைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். பிறகு நாரின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இருவருமாகக் குனிந்து வைத்தோம்.

அவள் சொல்ல நினைத்த நன்றியை அவளுக்காகச் சொல்லிவிட முயன்றேன். அவள் கேட்டாள், நீ கொடுத்தாய். என்னிடமும் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. பெருமாளிடம் அதை மட்டும் சொன்னேன்.